தானே விற்கும் யந்திரங்களுக்குச் சரக்கேற்றும் வண்டி

திண்டிவனம், விழுப்புரம் ஆகிய இரண்டு ஊர்களையும் சுற்றியுள்ள கிராமங்களில் விளையும் நிலக்கடலையும், கரும்புச் சாற்றிலிருந்து காய்ச்சும் வெல்லமும், கறக்கும் பாலும் பெரும்பாலும் மூட்டையாகவும் கேனாகவுமே ஊரை விட்டுப் புறப்படுகின்றன. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் கொத்துக்கடலை இந்தியாவின் பல பாகங்களிலும் பரவிற்று. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. எனினும் கடலை மிட்டாய் என்றால் ஜனங்கள் நினைப்பது கோவில்பட்டியைத்தான். அதற்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கடலையும் வெல்லமும் ஒரே ஜில்லாவில் கிடைக்கும்போது, அவற்றைப் பண்டமாக்கி நேரே உண்பவரிடம் சேர்ப்பித்தால் நடுவிலுள்ளவர்களுக்குப் போகும் லாபம் விளைவித்தவருக்கே நிற்கும் என்று உழவர் குழுக்களும் மகளிர் குழுக்களும் எண்ணுவது நியாயமே.

இதற்கு ஒரு வழியாக, காசோ கைப்பேசியோ காட்டினால் பண்டத்தைத் தானே எடுத்துக் கொடுக்கும் விற்பனை யந்திரங்களைப் பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, கல்லூரி முதலிய இடங்களில் வைக்க உத்தேசிக்கிறவர்கள் உண்டு. யந்திரத்தின் விலை என்ன, எந்த ஊரில் செய்தது, மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்றெல்லாம் அவர்கள் நுட்பமாக விசாரிக்கிறார்கள். வண்டியைப் பற்றியோ, அண்டை வீட்டார் எதை வாங்கினாரோ அதையே வாங்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். யந்திரம் ஓர் இடத்தில் நின்று சம்பாதிப்பது. வண்டி ஓடும்போதும் செலவு, நிற்கும்போதும் தவணை. ஆகையால் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் செய்யும் தவறு யந்திரத்தில் செய்யும் தவறைவிடக் கனமானது.

பெரும்பாலான தவறு தொடங்கும் இடம் யந்திரத்தின் பாரமே. குளிரூட்டும் வசதியுள்ள யந்திரம் ஏறத்தாழ ஓர் ஆள் உயரமும் 250 முதல் 350 கிலோ வரை எடையும் உள்ளது. அதைப் பார்த்தவுடன், இதைத் தூக்கிச் செல்லப் பெரிய வண்டி வேண்டும் என்று தோன்றுகிறது; அதற்கேற்பக் கடன் வாங்கப்படுகிறது. ஆனால் யந்திரம் கடையிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஒரு தரம் போகிறது. பிறகு வருஷக்கணக்கில் அசைவதில்லை. நாள்தோறும் போவது அதனுள் அடுக்கும் சரக்கே. ஒரு தரம் செய்யும் வேலைக்கு வாடகை வண்டியும், தினசரி செய்யும் வேலைக்குச் சொந்த வண்டியும் என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். யந்திரத்தை வாடகை வண்டியில் ஏற்றும்போது நிமிர்த்தியே வைத்துக் கயிறு கட்ட வேண்டும். படுக்க வைத்தால் குளிரூட்டும் கம்ப்ரஸரிலுள்ள எண்ணெய் குழாய்களில் ஏறிவிடும். தவறிப் படுத்திருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுக்கலாம். உயரமும் பாரமும் சேர்ந்த இச்சாமானை மூன்று சக்கர வண்டியில் நிறுத்திக்கொண்டு போவது குடை சாய்வதற்கு வழி.

சரக்கின் எடை

ஒரு யந்திரத்தில் சாதாரணமாக 300 முதல் 500 பொட்டலங்கள் கொள்ளும். கடலை மிட்டாய்ப் பொட்டலம் உறையோடு 40 கிராம் என்று வைத்துக்கொண்டால் 400 பொட்டலங்கள் 16 கிலோதான். ஒரு யந்திரம் முழுதும் நிரப்பும் சரக்கு ஓர் அரிசிச் சிப்பத்தைக் காட்டிலும் குறைவு! இதைத் தராசில் நிறுத்துப் பார்த்தவர் பெரிய வண்டி வாங்கத் துணியமாட்டார்.

உதாரணமாக ஒரு குழு இரண்டு ஊர்களிலுமாக 6 யந்திரங்கள் வைத்திருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் தினம் 60 பொட்டலம் விற்பதாகவும், 10 ரூபாய்ப் பொட்டலத்தில் 3 ரூபாய் மிஞ்சுவதாகவும் கொள்வோம். ஒரு நாளைக்கு மிச்சம் 1,080 ரூபாய். இக்குழு 5 லட்சம் ரூபாய்க் கடனில், வருஷத்துக்கு 10 சதவிகித வட்டியில், 5 வருஷத் தவணையில் நான்கு சக்கர வண்டி ஒன்றை வாங்கினால் மாதத் தவணை 10,600 ரூபாய்க்குச் சற்று மேல், அதாவது நாளுக்கு 350 ரூபாய். ஓட்டுகிறவர் கூலி 600. போய்வர 80 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் வீதம் 460. ஆக 1,410 ரூபாய். இன்ஷூரன்ஸ், டயர், யந்திரம் நிற்கும் இடத்துக்கு வாடகை, மின்சாரக் கட்டணம் ஆகியவற்றைக் கணக்கில் எடுப்பதற்கு முன்பே தினம் 330 ரூபாய் கையை விட்டுப் போகிறது. விற்பனை நன்றாக நடந்தும் குழு கடனாளியாவது இப்படித்தான்.

அதே குழு வாரத்துக்கு இரண்டு தரம் மட்டும் நிரப்பினால் என்ன ஆகும்? மூன்றரை நாளுக்கு ஒரு யந்திரத்துக்கு 210 பொட்டலம். ஆறுக்கும் சேர்த்து 1,260. எடை 50 கிலோ. திண்டிவனத்தில் ஓர் ஆளும் விழுப்புரத்தில் ஓர் ஆளும் தத்தம் ஊர் யந்திரங்களைக் கவனித்தால் ஒருவருக்கு 25 கிலோ வரும். எக்ஸ்எல் வண்டியின் பின்புறம் தகரப் பெட்டி கட்டிக்கொண்டு செய்யும் வேலை அது. பால்காரரும் கீரைக்காரரும் அந்த வண்டியில் ஏற்றும் பாரத்தைக் கண்டவர்களுக்கு இதில் சந்தேகம் எழாது. பண்டம் செய்யும் இடத்திலிருந்து மற்ற ஊருக்கு வாரம் ஒரு முறை வாடகை வண்டியில் மொத்தமாக அனுப்பி, அங்கே ஓர் அறையில் இருப்பு வைத்துக்கொள்ளலாம். கடலை மிட்டாய் ஈரமும் வெயிலும் படாமல் இருந்தால் வாரக்கணக்கில் தாங்கும் பண்டம். இருசக்கர வண்டியில் தினமும் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் போய்வரச் சொல்லுவது மட்டும் கூடாது. லாரிகளும் சொகுசுப் பஸ்களும் விரையும் அச்சாலையில் அது உயிரோடு விளையாடுவதாகும்.

பால் சேர்ந்தால் கணக்கு மாறும்

மேற்சொன்னவை எல்லாம் கெடாத பண்டத்துக்கு. பாலோ மோரோ சேர்ந்துவிட்டால் வண்டியைத் தீர்மானிப்பது அதுவே. மற்றச் சரக்குகள் அதன் ஓரத்தில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

பாலை யந்திரத்தில் விற்பது புது விஷயமன்று. டில்லியில் மதர் டெய்ரி 1974 முதலே டோக்கன் போட்டால் பால் ஊற்றும் சாவடிகளை நடத்தியது. அங்கே வெற்றிக்குக் காரணம் டோக்கன் யந்திரம் மாத்திரமல்ல. வெப்பம் புகாத தொட்டியுள்ள லாரிகள் குளிர்ந்த பாலைக் கொண்டுவந்து சாவடித் தொட்டியில் இறக்கும் ஏற்பாடும் அதனோடு சேர்ந்திருந்தது. இத்தாலி தேசத்தில் 2004 முதல் குடியானவர்கள் தங்கள் பண்ணைப் பாலைத் தெருவோர யந்திரங்களில் விற்கத் தொடங்கினார்கள். நிரம்பிய தொட்டியை வண்டியில் கொண்டுபோய் யந்திரத்தில் பொருத்தி, காலித் தொட்டியை எடுத்து வந்து கழுவுவது அவர்கள் முறை. ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றும் வேலை இல்லாததால் அழுக்கும் கிருமியும் சேர இடம் குறைகிறது. ஆனால் வண்டியில் தொட்டியை உருட்டி ஏற்றி இறக்கத் தக்க சாய்வுப் பலகை இருக்க வேண்டும். காய்ச்சாத பாலை அப்படி விற்பதில் உள்ள அபாயத்தைக் கண்டு, காய்ச்சியே பருக வேண்டும் என்ற எச்சரிக்கையை யந்திரத்தில் ஒட்ட 2008இல் அந்நாட்டு அரசாங்கம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டின் வெயிலில் இது இன்னும் அவசியம். பாஸ்டர் முறையில் சூடாக்கிக் குளிர்வித்த பாலையே யந்திரத்தில் வைப்பது உத்தமம்.

பாலின் எடையைக் குறித்து ஓர் எச்சரிக்கை. லிட்டருக்கு 1.03 கிலோ, 40 லிட்டர் கேன் நிரம்பினால் கேனோடு ஏறத்தாழ 50 கிலோ. டாட்டா கம்பெனியார் 2005இல் வெளியிட்ட ஏஸ் வண்டி, ஜனங்கள் ‘குட்டி யானை’ என்று அழைப்பது, அதன் தட்டு ஏறத்தாழ 2.2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ளது. அத்தட்டில் 24 கேன்களை நெருக்கி நிறுத்த இடம் இருக்கிறது. ஆனால் 24 கேன் 1,200 கிலோ; அவ்வண்டிக்கு விதித்த பாரமோ வகைக்கு ஏற்ப 750 கிலோவை ஒட்டியது. இடம் இருக்கிறதே என்று ஏற்றினால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். பட்டை வில் உட்காரும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கேட்பதிலும் தகராறு வரும். பொரி, முறுக்கு போன்றவற்றில் இது தலைகீழ்: தட்டு நிரம்பிக் கூரையைத் தொடும்போதும் எடை அவ்வளவு ஏறாது. ஆதலால் வண்டி வாங்கப் போகிறவர் தம் சரக்கின் எடையையும் அது அடைக்கும் இடத்தையும் தனித்தனியே எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

குளிர்ச்சியைக் காப்பதற்கு, குளிரூட்டும் யந்திரம் பொருத்திய வண்டியே வேண்டும் என்று விற்பனையாளர் சொல்வது வழக்கம். தூரம் குறைவானால் அது வேண்டியதில்லை. வெப்பம் புகாத பெட்டியும் பனிக்கட்டியும் போதும். 100 லிட்டர் பால் ஒரு பாகை சூடேறுவதற்கு வேண்டிய வெப்பத்தை 1¼ கிலோ பனிக்கட்டி உருகும்போதே விழுங்கிவிடுகிறது. 4 பாகையில் புறப்படும் பால், விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி 6 மணிக்குள் யந்திரத்தில் சேர்ந்தால், சில கிலோ பனிக்கட்டியோடு நல்ல நிலையில் போய்ச் சேரும். சித்திரை வைகாசியில் காலை 10 மணிக்குக் கிளம்புகிறவருக்கு எந்தப் பெட்டியும் உதவாது. பெட்டியின் எடையும் வண்டியின் பாரத்தில் கழிக்கத் தக்கதே. 750 கிலோ வண்டியில் கனத்த பெட்டியைப் பொருத்திவிட்டுப் பின்னும் 750 கிலோ பால் ஏற்ற நினைப்பவர் பலர்.

மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா

திண்டிவனம் யந்திரத்துக்கு 150 லிட்டரும் விழுப்புரம் யந்திரத்துக்கு 150 லிட்டரும் தினம் வேண்டியிருக்கிறது என்று கொண்டால் பாலும் கேனும் சேர்ந்து 380 கிலோ ஆகும். 2020இல் வந்த மகீந்திரா டிரியோ ஜோர் போன்ற மின்கல மூன்று சக்கர வண்டி 550 கிலோ தாங்குவது. எடையை மட்டும் பார்த்தால் அதுவே போதும். மின்சாரச் செலவு டீசலை நோக்கச் சொற்பம். தட்டு தாழ்வாக இருப்பதால் 50 கிலோ கேனை ஏற்றுகிறவருக்கு இடுப்பு நோவு குறைவு. ஆனால் திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம் போய்த் திரும்புவது ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஊருக்குள் சுற்றுவதையும் சேர்க்க வேண்டும். புது மின்கலத்தோடு விளம்பரத்தில் காட்டும் தூரம், பாரம் ஏற்றியபோதும் மின்கலம் பழசானபோதும் கிடைப்பதில்லை. ஒரே ஊருக்குள் சுற்றும் வேலைக்கு மின்கல மூன்று சக்கர வண்டி மிகவும் தகுந்தது; இரண்டு ஊர்களையும் ஒரே வண்டி கவனிப்பதானால் சிறிய நான்கு சக்கர வண்டியே தகும். 2011இல் வந்த அசோக் லேலண்டு தோஸ்த் போன்ற 1¼ டன் வண்டியைப் பற்றி நினைப்பது, யந்திரங்களின் எண்ணிக்கை பெருகி, கேன்கள் 15ஐத் தாண்டும்போது போதும்.

விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடி இருப்பதை மறக்கலாகாது. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008இன்படி மூன்று சக்கர வண்டிக்குக் கட்டணமில்லை. ஆனால் பக்கச் சாலை இருக்கும் இடத்தில் அதைக் கொண்டே போக வேண்டும். நான்கு சக்கரச் சரக்கு வண்டிக்குக் கட்டணம் உண்டு. சாவடி இருக்கும் ஜில்லாவிலேயே பதிவான, தேசிய பர்மிட் இல்லாத வண்டிக்கு அதில் பாதிதான். திண்டிவனத்து டி.என். 16 ஆனாலும் விழுப்புரத்து டி.என். 32 ஆனாலும் இச்சலுகைக்கு உரியவையே. சென்னையில் மலிவாகக் கிடைத்தது என்று பழைய வண்டியை வாங்கி, அவ்வூர்ப் பதிவிலேயே ஓட்டுகிறவர் தினமும் இரட்டிப்புக் கட்டணம் கொடுக்க நேரும்.

சட்டத்தைப் பற்றி இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 66ஆம் பிரிவின்படி, ஏற்றிய பாரத்தோடு 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. பதிவுப் புத்தகத்தில் மொத்த எடை என்ன என்று பார்த்து வாங்க வேண்டும். 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸே உள்ளவர் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6இல் முடிவாகத் தீர்ப்பளித்தது. ஆகவே குழுவிலுள்ள மகளிரில் கார் ஓட்டும் லைசென்ஸ் உள்ளவரே குட்டி யானையை ஓட்டத் தடையில்லை. ஓட்டுகிறவர் கூலி வெளியே போகாமல் நிற்கும் என்பதால் இதைச் சிறு விஷயமாக நினைக்கலாகாது.

வண்டி நிற்கும் இடத்துக்கும் யந்திரம் நிற்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை எவரும் அளப்பதில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் பிளாட்பாரத்துக்குள் வண்டி நுழையாது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வாயிலிலிருந்து உள்ளே நெடுந்தூரம் நடக்க வேண்டும். கைத்தள்ளுவண்டி ஒன்றைச் சரக்கோடு எப்போதும் ஏற்றிச் செல்லவேண்டி வரும். அதற்கும் தட்டில் இடம் ஒதுக்க வேண்டும். ஜப்பான் தேசத்தில் குளிர்பான யந்திரங்களை நிரப்பும் லாரிகளுக்குப் பக்கவாட்டில் கதவு வைத்து அலமாரிபோல் அடுக்கியிருக்கிறார்கள். பின்புறம் மட்டும் திறக்கும் வண்டியில் அடியிலுள்ள பெட்டியை எடுக்க மேலுள்ள எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருப்பதே காரணம். இங்கே அவ்விதம் கட்டச் செலவு பிடிக்கும். ஆனால் கடைசியில் நிரப்பும் யந்திரத்தின் சரக்கை முதலில் ஏற்றினால் அந்தத் தொல்லை செலவில்லாமலே நீங்கும்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் போக்குவரத்தும் நின்றது. அத்தகைய நாட்களில் எந்த வண்டியும் ஓடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயல் அறிவிப்பு வந்தவுடன் கெடாத சரக்கை யந்திரங்களில் முழுதும் நிரப்பிவிட்டுப் பாலைக் குறைத்துக்கொள்வது விவேகம். தண்ணீரில் நின்ற மின்கல வண்டியைக் கம்பெனி மெக்கானிக் பார்ப்பதற்கு முன் மின்சாரத்தில் மாட்டவும் கூடாது, ஓட்டவும் கூடாது.

வாங்குமுன் ஒரு மாதமாவது வாடகை வண்டியில் நடத்திப் பார்ப்பதே மேலான பரீட்சை. ஒரு நோட்டில் தினமும் புறப்பட்ட நேரம், ஏற்றிய எடை, ஒவ்வொரு யந்திரத்திலும் நின்ற நிமிஷம், திரும்பி வந்த சரக்கு, பால் இறக்கும்போது காட்டிய பாகை ஆகியவற்றை எழுதி வந்தால், எந்த வண்டி வேண்டும் என்பதையும், வண்டியே வேண்டுமா என்பதையும் அந்நோட்டே சொல்லிவிடும். வாடகை பேசுவதற்கும் காலம் உண்டு. மார்கழிப் பட்டத்தில் விதைத்த இறவைக் கடலை பங்குனி, சித்திரையில் பிடுங்கப்படும்போது சிறு வண்டிகளுக்கெல்லாம் கிராக்கி ஏற்படும். ஆதலால் மாத ஒப்பந்தத்தைத் தை மாதத்திலேயே, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றில்லாமல் நடைக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்வது நலம்.